இணைப்புப் பயணச்சீட்டு: சேலம் – நாமக்கல் சமவெளியில் ரயிலும் டவுன் பஸ்ஸும்

ரயிலில் வந்து இறங்கும் ஒருவர், அதே பயணத்தின் மிச்சத் தொலைவை ஊர்ப் பேருந்திலோ டிராமிலோ கடக்கும்போது மறுபடி முழுக் கட்டணம் கட்டாமல், கையிலுள்ள தாளைக் காட்டியே ஏற உரிமை தருவது இணைப்புப் பயணச்சீட்டு. உலகில் இது இரண்டு வகையாக வழங்கிவந்திருக்கிறது. முதல் வண்டியில் வாங்கி இரண்டாம் வண்டியில் காட்டும் மாற்றுச் சீட்டு ஒரு வகை. புறப்படும் நிலையத்திலேயே எல்லா வண்டிக்குமான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு கடைசி ஊர்வரைக்கும் எழுதித் தரும் நேர்ச்சீட்டு மற்றொரு வகை. தமிழ்நாட்டு ரயில்களில் இரண்டாவது வகை நெடுநாள் பழக்கமுடையது. ரயிலுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் இடையிலான முதல் வகையோ மாவட்டத் தலைநகரங்களில் வேரூன்றவே இல்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் அதன் தேவை பெரிது. இங்கே முக்கியமான நிலையங்கள் ஊருக்கு வெளியே நிற்கின்றன. ரயிலை விட்டு இறங்குகிறவர் பஸ் ஏறாமல் வீடு சேர முடியாது.

ஜங்ஷனும் டவுனும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி அந்தப் பாதையை மேற்குக் கரையின் பேப்பூரை நோக்கி நீட்டிக்கொண்டே போக, 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது. ஆனால் பாதை ஊருக்குள் நுழையவில்லை. சேர்வராயன் மலைக்கு மேற்கே லோகூர், டேனிஷ்பேட்டை வழியாக இறங்கி, கருப்பூரைக் கடந்து, பழைய சேலத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில் நிலையம் போட்டுக்கொண்டு, சங்ககிரி, ஈரோடு பக்கம் திரும்பிவிட்டது. அந்த நிலையம்தான் இன்றைய சேலம் ஜங்ஷன். கோட்டை, செவ்வாய்ப்பேட்டை, கடைவீதி, கச்சேரி எல்லாம் கிழக்கே இருந்தன. மெட்ராஸிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரே சீட்டில் வந்தவர், கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு ஜட்கா வண்டிக்காரரோடு பேரம் பேச வேண்டியிருந்தது.

இந்த இடைவெளிக்கு ரயில்வேயே ஒரு விடை கண்டது. ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் ஒரு மீட்டர்கேஜ் கிளைப் பாதை போடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது வாழப்பாடி, ஆத்தூர் வழியாக விருத்தாசலம் வரை நீண்டது. சேலம் மார்க்கெட், சேலம் டவுன் என்று ஊருக்குள்ளேயே இரண்டு நிலையங்கள் அமைந்தன. மார்க்கெட் நிலையம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரின் மொத்த வியாபாரத்தை ஒட்டியது. அகலப்பாதை வண்டியில் வருகிறவர் ஜங்ஷனில் இறங்கி, நடைமேடை மாறி, மீட்டர்கேஜ் வண்டியில் ஏறினால் டவுனுக்கே போய் இறங்கலாம். தண்டவாளத்தின் அகலம் மாறினாலும் சீட்டு மாறாது. இந்தச் சமவெளி கண்ட அசலான இணைப்புச் சீட்டு இதுதான் என்று சொல்லலாம்: நீண்ட தூர வண்டியையும் ஊர் வண்டியையும் ஓர் அட்டைச் சீட்டு கட்டிவைத்தது. கிளைப் பாதையில் வண்டிகள் நாளுக்குச் சிலவே ஓடின என்பதுதான் அதன் பலவீனம். இரவு மெயிலில் வந்தவர் விடியும்வரை காத்திருப்பாரா? ஜட்காவும், பின்னாளில் பஸ்ஸும் அந்தக் கிளையின் பயணிகளை எடுத்துக்கொண்டன. பாதை பின்னர் அகலமாக்கப்பட்டது. சென்னை எழும்பூரிலிருந்து விருத்தாசலம், ஆத்தூர் வழியாக வரும் சேலம் எக்ஸ்பிரஸ் இன்றும் டவுனில் நின்றுவிட்டுத்தான் ஜங்ஷனுக்குப் போகிறது.

அட்டையின் கணக்கு

இணைப்புச் சீட்டு அடிப்படையில் ஒரு கணக்குப் பிரச்சினை. ஒருவர் வாங்கிய காசை இன்னொருவரோடு எப்படிப் பங்கிடுவது, ஒரே தாளை இரண்டு பேர் பயன்படுத்தாமல் எப்படிக் காப்பது என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்த பிறகே அது சாத்தியமானது.

முதல் கேள்விக்கு வழி திறந்தவர் தாமஸ் எட்மண்ட்சன். இங்கிலாந்தின் லங்காஸ்டரைச் சேர்ந்தவரும் மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போனவருமான அவர், 1836இல் நியூகாசில் – கார்லைல் ரயில்வேயின் மில்டன் என்னும் சிறு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை பயணிக்குக் கையால் எழுதித் தந்துகொண்டிருந்த தாளுக்குப் பதிலாக, தொடர் எண் அச்சிட்ட தடித்த அட்டையைக் கொண்டுவந்தார். தேதி குத்தும் கருவியையும் அமைத்தார். மாலையில் அடுக்கில் மிஞ்சியிருக்கும் அட்டையின் எண்ணைப் பார்த்தாலே எத்தனை விற்றது, பெட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்த அட்டை இந்தியாவுக்கும் வந்து, கணினிச் சீட்டு வரும்வரை நிலைத்தது. கவுன்டரில் அதைத் தேதி இயந்திரத்துக்குள் நுழைத்து இழுக்கும் 'டக்' என்ற ஓசை சேலம், ஆத்தூர், மொரப்பூர் நிலையங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இன்னும் காதில் இருக்கும்.

எண்ணிட்ட அட்டை இருந்தால், யார் எங்கே விற்றார் என்று பின்னால் கண்டுபிடித்துக் காசைப் பங்கிடலாம். 1842இல் லண்டனில் தொடங்கிய ரயில்வே கிளியரிங் ஹவுஸ் இதைத்தான் செய்தது. பல கம்பெனிகளின் பாதைகளைத் தாண்டிப் போகும் சீட்டின் வருமானத்தை, ஓடிய மைல் கணக்குப்படி பிரித்துக் கொடுத்தது. இந்தியக் கம்பெனிகளும் தங்களுக்குள் இப்படிப் பங்கிட்டுக்கொண்டன.

சேலத்துப் பயணியை நேரடியாகத் தொட்ட விஷயம் இது. 1908இல் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி பிரிக்கப்பட்டபோது, மெட்ராஸ் முதல் ஜோலார்பேட்டை வரையிலான பாதை மெட்ராஸ் – தெற்கு மராட்டா ரயில்வேக்குப் போனது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம், ஈரோடு வழியாக மங்களூர் வரையிலான பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தது. ஆக, மெட்ராஸிலிருந்து சேலத்துக்கு ஒருவர் வாங்கிய சீட்டு இரண்டு கம்பெனிகளின் பாதையில் ஓடிய சீட்டு. ஜோலார்பேட்டையில் யாரும் அவரை இறக்கிப் புதுச் சீட்டு வாங்கச் சொல்லவில்லை. காசு யாருக்கு எவ்வளவு என்பதைக் கணக்கப்பிள்ளைகள் பின்னால் தீர்த்துக்கொண்டார்கள். இரண்டு கம்பெனிகளும் 1944 ஏப்ரல் 1இல் அரசிடம் வந்து, 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வேயாக ஒன்றுசேரும்வரை இதுவே நடைமுறை.

தென்னிந்திய ரயில்வே இதைவிடப் பெரிய காரியமும் செய்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரிலிருந்து போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று பயணியைக் கொண்டுசேர்த்தது. ரயில், கப்பல், இன்னொரு நாட்டின் ரயில் மூன்றுக்கும் சேர்த்தே சீட்டுக் கிடைத்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி நடந்தது. கடலைத் தாண்டிய சீட்டுக்குச் சூரமங்கலம் வாசலைத் தாண்டிச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போக முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பக் குறை காரணம் என்று சொல்ல வழியில்லை.

மலைக்குப் போன சீட்டு

ரயில் எட்டாத ஊருக்கும் ரயில் சீட்டை நீட்டுவதற்கு இந்திய ரயில்வே கண்ட ஏற்பாடு அவுட் ஏஜென்சி. தண்டவாளம் இல்லாத ஊரில் ரயில்வேயின் பெயரில் ஒரு முகவர் அலுவலகம் இருக்கும். அங்கே ரயில் சீட்டு வாங்கலாம். சரக்கும் பதிவு செய்யலாம். நிலையத்துக்கும் அந்த ஊருக்கும் இடையே ஓடும் மோட்டார் வண்டிக் கட்டணம் ரயில் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கப்படும். தமிழ்நாட்டில் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு கொடைக்கானல். முன்பு அம்மையநாயக்கனூர் என்றிருந்த கொடைக்கானல் ரோடு நிலையத்திலிருந்து மலையேறும் பயணம் சுமார் 80 கிலோமீட்டர். மலையில் ஓர் அவுட் ஏஜென்சி இருந்ததால், மேலே இருந்தபடியே கீழேயுள்ள ரயிலுக்கும் சீட்டு எடுக்க முடிந்தது. திருமலைக்குப் போகிறவர்களுக்கும் ரயில் சீட்டோடு மலைப் பேருந்துச் சீட்டையும் இணைத்துத் தரும் ஏற்பாடு இருந்திருக்கிறது.

இவை யாருக்காக அமைந்தவை என்று பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கோடை வாசஸ்தலத்துக்குப் போகும் அதிகாரி, மிஷனரி, பள்ளிப் பிள்ளை, யாத்திரிகர் ஆகியோர் தூரத்திலிருந்து வருகிறவர்கள். பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள். ரயில்வேக்கு நல்ல வாடிக்கையாளர்கள். காலையில் ஜங்ஷனில் இறங்கிக் கைத்தறிப் பட்டறைக்கோ வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கோ மண்டிக்கோ போகிறவரைப் பற்றி யாரும் அப்படி எண்ணிப்பார்க்கவில்லை. மலை ஊருக்குச் சீட்டு நீண்டதும் சமவெளி ஊருக்கு நீளாததும் இந்தப் பாகுபாட்டால்தான் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

பங்காளி, பகையாளி ஆன கதை

1920களில் மோட்டார் பஸ் பரவியபோது, ரயிலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கும் துணையாக அது வளரவில்லை. ரயிலுக்குப் பக்கத்திலேயே ஓடி, ரயிலின் ஆளைப் பிடிக்கும் போட்டியாகத்தான் வளர்ந்தது. பஸ் ஊருக்குள்ளிருந்து புறப்பட்டது. கையைக் காட்டினால் நின்றது. சேலம் போல நிலையம் ஊருக்கு வெளியே இருந்த இடங்களில் ரயில் தோற்பது இயல்பு. ரயில்வே வருமானம் சரிவதைக் கண்ட அரசு, மிட்செல் – கிர்க்னெஸ் குழுவை அமைத்து ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1933இல் வந்தது. தொடர்ந்து பிறந்த 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வழித்தடம், பெர்மிட், நேரம் ஆகியவற்றைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. பஸ் ரயிலை எந்த அளவுக்குப் பாதிக்கலாம் என்பதே அந்தக் கட்டுப்பாட்டின் மையக் கேள்வியாக இருந்தது. இரண்டும் ஒரே பயணியை எப்படிக் கைமாற்றிக்கொள்வது என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது. பெர்மிட்டில் கட்டண நிலை உண்டு, புறப்படும் நேரம் உண்டு. ரயில் வரும் நேரம் இல்லை. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுவே அஸ்திவாரம் ஆகிவிட்டது.

1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு பேருந்துத் தடங்களை நாட்டுடைமையாக்கியபோது, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997இல் தலைவர்களின் பெயரும் மன்னர்களின் பெயரும் நீக்கப்பட்டபோது அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (சேலம்) ஆனது. நாட்டுடைமையான பிறகும் இந்தச் சமவெளியில் தனியார் பஸ்கள் வலுவாக நீடித்தன. சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு தடங்களில் தனியார் வண்டியும் கார்ப்பரேஷன் வண்டியும் முன்னும் பின்னுமாக ஓடுவது இன்றும் காணும் காட்சி. 1990களின் பிற்பகுதியில் மினி பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. ஆகவே இங்கே இணைப்புச் சீட்டு என்றால் ரயில்வே, கார்ப்பரேஷன், தனியார் முதலாளி என்று மூன்று கல்லாப்பெட்டிகளுக்கு இடையிலான உடன்பாடு.

கண்டக்டர் பையும் நேரம் இல்லாத சீட்டும்

உடன்பாடு ஒருபுறமிருக்க, பழைய பஸ் சீட்டின் அமைப்பும் இணைப்புக்கு இடம் தரவில்லை. கண்டக்டரின் தோல் பையில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறத்தில் சீட்டுக் கட்டு இருக்கும். கட்டணத்துக்கேற்ப ஒன்றோ இரண்டோ கிழித்துக் கொடுப்பார். ஸ்டேஜ் எண்ணில் குத்துவார். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கட்டின் எண்ணைத் தாளில் குறித்துக் கணக்கை மூடுவார். செக்கர் ஏறினால் அந்தத் தாளையும் பயணிகள் கையிலுள்ள சீட்டையும் ஒப்பிடுவார். எட்மண்ட்சனின் தொடர் எண் முறையே இங்கும் வேலை செய்தது. எத்தனை சீட்டு விற்றது என்று தெரியும். எத்தனை மணிக்கு விற்றது என்பதைச் சீட்டு சொல்லாது. மணி இல்லாத தாளை இன்னொரு வண்டியில் ஏற்றுக்கொண்டால், காலையில் வாங்கியதை மாலையில் யாரோ நீட்டுவார்.

அமெரிக்க டிராம் கம்பெனிகள் 19ஆம் நூற்றாண்டில் பட்ட பாடும் இதுதான். ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற இலவசத் தாள் கொடுத்தார்கள். பயணிகள் அதைக் கைமாற்றினார்கள், சிலர் விற்றார்கள். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜான் ஸ்டெட்மன் 1892இல் நேர வரம்புள்ள மாற்றுச் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். தாளில் மணிகளும் நிமிடப் பகுதிகளும் அச்சாகியிருக்கும். கண்டக்டர் உரிய இடத்தில் குத்தியோ கிழித்தோ கொடுப்பார். அந்த நேரத்துக்குப் பிறகு தாள் வெற்றுக் காகிதம். ஒரே தாளை இரண்டு பேர் பயன்படுத்தாமல் காப்பது எப்படி என்ற இரண்டாவது கேள்விக்கான விடை இப்படி வந்தது. வட அமெரிக்க நகரங்கள் ஒவ்வொன்றாக இம்முறைக்கு மாறின.

ரயில் பக்கமும் ஒரு தடை இருந்தது. அட்டைச் சீட்டை இறங்கும் நிலையத்தின் வாசலில் டிக்கெட் கலெக்டர் வாங்கிக்கொள்வார். மறுபடி பயன்படாதிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. அதன் விளைவாகப் பயணி வெறுங்கையோடு வெளியே வருவார்; பஸ் கண்டக்டரிடம் காட்ட அவரிடம் எதுவுமில்லை. இணைப்பு வேண்டுமென்றால் ரயில் சீட்டோடு தனியாக ஒரு பஸ் கூப்பன் சேர வேண்டும்.

தமிழர் கைகளில் ஒரு மாற்றுச் சீட்டு

நேரம் குறித்த மாற்றுச் சீட்டை நாள்தோறும் கையாண்ட தமிழர்கள் உண்டு. அவர்கள் டொராண்டோவில் இருக்கிறார்கள். 1980களிலிருந்து ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர்களுக்கு அந்நகரப் போக்குவரத்து ஆணையத்தின் 'டிரான்ஸ்ஃபர்' நெடுநாள் அன்றாடப் பொருளாக இருந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் சிவப்பு நிற இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் நேரம் அச்சான சிறு தாள் வரும். வெளியே பஸ்ஸில் அதைக் காட்டினால் போதும். பஸ்ஸில் ஏறியவர் ஓட்டுநரிடம் தாள் வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போகலாம். இடையில் இறங்கிக் கடைக்குப் போகக் கூடாது, ஒரே திசையில் தொடர்ந்து போக வேண்டும் என்பது அப்போதைய விதி. 2018 ஆகஸ்டில் மின்னணுக் கட்டண அட்டை வைத்திருப்போருக்கு அந்த விதி தளர்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 26 முதல் ஒன்டாரியோ மாநில அரசு இன்னொரு படி போனது: புறநகர் ரயிலுக்கும் நகரப் பேருந்துக்கும் இடையே மாறுகிறவர் இரண்டாவது கட்டணம் கட்ட வேண்டியதில்லை, இழப்பை மாநிலம் ஏற்கிறது.

ஹாம்பர்க் நகரம் 1965இலேயே ரயில், டிராம், பஸ் எல்லாவற்றையும் ஒரே கட்டண ஒன்றியத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் சேலத்துக்கு மிக நெருங்கிய மாதிரி பிரிட்டனின் 'பிளஸ் பஸ்'. 2002இல் தொடங்கிய இத்திட்டத்தில், ரயில் சீட்டு வாங்கும்போதே சிறு தொகை கூடக் கொடுத்தால், இறங்கும் ஊரின் எல்லைக்குள் அன்று முழுக்க டவுன் பஸ்ஸில் போகலாம். பிரிட்டனில் பஸ் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு மூன்று கம்பெனிகள் ஓடும். அவர்களையும் சேர்த்துக்கொண்டே நூற்றுக்கணக்கான ஊர்களில் இது நடக்கிறது. பல முதலாளிகள் இருப்பதால் முடியாது என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

நாமக்கல்லுக்கு ரயில் வந்த பிறகு

நாமக்கல் 1997 ஜனவரி 1இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லை. லாரி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று சாலையால் வாழ்ந்த மாவட்டம் அது. நாடு முழுக்க முட்டை போனதும் லாரியில்தான். ரயில் ஏற வேண்டியவர் சேலத்துக்கோ கரூருக்கோ ஈரோட்டுக்கோ பஸ் பிடித்துப் போனார். சேலத்துக்கு வந்தவர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ் ஏறினார். நாமக்கல் கிராமத்திலிருந்து வருகிறவர் கணக்கைப் பார்த்தால் ஊர் பஸ், மொபசல் பஸ், டவுன் பஸ், பிறகு ரயில் என்று நான்கு சீட்டு. ஒவ்வொரு பஸ்ஸிலும் குறைந்தபட்சக் கட்டணம் புதிதாகத் தொடங்கும். வண்டி மாறுவதற்கே ஒரு வரி கட்டுவது போன்ற சுமை இது. நேர் பஸ் உள்ள ஊர்க்காரரைவிட, இல்லாத ஊர்க்காரரே அதிகம் கொடுக்கிறார் என்பதுதான் இதில் உள்ள அநியாயம்.

சேலம் – கரூர் அகலப்பாதை நெடுநாள் இழுத்தடித்து, 2013 மே மாதம் பயணிகளுக்குத் திறந்தது. மல்லூர், ராசிபுரம், களங்காணி, நாமக்கல், மோகனூர் என்று நிலையங்கள் வந்தன. மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே காவிரிமேல் பாலம் எழுந்தது. சூரமங்கலத்தில் நடந்ததே புதிய பாதையிலும் நடந்தது. நிலம் கிடைத்த வழியே பாதை போயிற்று. ராசிபுரம் நிலையம் ஊரை விட்டு விலகி நிற்கிறது. ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை ஒரே ஏற்பாடு. 2024இல் நாமக்கல்லின் புதிய பேருந்து நிலையம் முதலைப்பட்டியில் திறந்தது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், கடைவீதி மூன்றும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. வண்டி மாறுவது குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டு போகிறது.

இலவசச் சீட்டு கற்றுத்தந்தது

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதைப் பற்றி அரசியல் தளத்தில் நிறையப் பேசப்பட்டிருக்கிறது. இணைப்புச் சீட்டின் வரலாற்றில் அதன் இடம் வேறு. கட்டணம் இல்லாவிட்டாலும் பெண் பயணிக்குக் கண்டக்டர் ஒரு சீட்டு கொடுக்கிறார். அந்தச் சீட்டு எண்ணப்படுகிறது. கழகத்துக்கு வர வேண்டிய தொகையை அரசு ஈடு செய்கிறது. அதாவது, பயணி கையிலிருந்து காசு வராத பயணத்தை எண்ணி, இன்னொருவரிடமிருந்து பணம் பெறும் முறையைச் சேலம் கழகம் தினமும் நடத்திவருகிறது. லண்டனில் 1842இல் தொடங்கிய கிளியரிங் ஹவுஸ் கணக்கின் எளிய வடிவமே இது. பணம் தருகிறவர் மாநில அரசா, ரயில்வேயா என்பது மட்டும்தான் வித்தியாசம். இந்த இலவசம் தனியார் பஸ்ஸிலும் மொபசல் பஸ்ஸிலும் செல்லாது, ஆண்களுக்கும் இல்லை. ஆகவே இணைப்புச் சீட்டின் தேவை இதனால் தீர்ந்துவிடவில்லை.

ஸ்டெட்மன் தாளில் குத்திய நேரமும் இப்போது கண்டக்டர் கையிலேயே இருக்கிறது. தோல் பைக்குப் பதில் வந்த சிறு இயந்திரம் ஏறிய இடம், இறங்கும் இடம், தேதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் தாளில் அடித்துத் தருகிறது. ரயில் பக்கம், முன்பதிவில்லாத சீட்டும் 2002 முதல் படிப்படியாகக் கணினிக்கு மாறிவிட்டது. அதிலும் நேரம் இருக்கிறது. வாசலில் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. இறங்கிய பிறகும் சீட்டு பயணி கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் இருந்த இரண்டு தடைகளும் இன்று இல்லை.

சென்னையில் இதன் பலன் வந்திருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியைக் கொண்டுவந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் அதில் ஒரே இடத்தில் சீட்டு எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டங்களுக்கு இதே வடிவம் போதாது. ஜங்ஷனில் அதிகாலை ரயிலை விட்டு இறங்கும் கட்டடத் தொழிலாளியிடமும், சந்தைக்குக் கூடையோடு வரும் பாட்டியிடமும் செயலி இருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது சரியல்ல. செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது. படிக்கத் தெரியாதவரும் தாளை நீட்டலாம். ஆகவே இந்தச் சமவெளியில் இணைப்பு வந்தால் அது தாளிலும் வர வேண்டும்.

அதற்குப் பெரிய சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை. ஜங்ஷன், டவுன், ஆத்தூர், சங்ககிரி, ராசிபுரம், நாமக்கல் நிலையங்களின் கவுன்டரில் ரயில் சீட்டோடு ஒரு டவுன் பஸ் கூப்பனைக் குறைந்த விலையில் விற்கலாம். இறங்கும் ரயில் வந்து சேரும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் அது செல்லும் என்று வைக்கலாம். தாமதமாக வரும் ரயிலுக்கு நேரத்தைத் தள்ளிவைக்கவும் முடியும். வண்டி எப்போது வந்தது என்பது ரயில்வேக்குத் தெரியும். கண்டக்டர்கள் கூப்பனை வாங்கி வைத்து மாதம் ஒருமுறை கணக்குத் தீர்க்கலாம். தனியார் பஸ் முதலாளிக்கும் இதில் நஷ்டமில்லை; கூப்பனுக்கு உரிய பணம் அவர் கைக்கும் வரும். முதலில் ஜங்ஷன் – பழைய பஸ் ஸ்டாண்டு தடத்தில் மட்டும் ஆறு மாதம் நடத்திப் பார்த்தாலே, எத்தனை பேருக்கு இது வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைப் பேசித் தீர்க்க வேண்டிய இரண்டு அலுவலகங்களும் ஒரே ஊரில் இருக்கின்றன. 2007 நவம்பர் 1இல் உருவான தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்துக்குத் தலைமையிடம் சூரமங்கலம். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் தலைமை அலுவலகம் ராமகிருஷ்ணா ரோட்டில் இருக்கிறது. மெட்ராஸையும் மங்களூரையும் ஒரே அட்டையில் இணைத்த கணக்கப்பிள்ளைகளுக்குக் கடிதப் போக்குவரத்துக்கே நாட்கள் பிடித்தன. இவர்களுக்கு அரை மணி நேரப் பயணம் போதும். இரு அலுவலகத்து அதிகாரிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து அந்த முதல் கூப்பனை அச்சிட வேண்டும் என்பதே இந்தச் சமவெளியின் பயணிகள் வைக்க வேண்டிய கோரிக்கை.